சாமி படத்துக்குப் பக்கத்துல ஒரு டிகிரி

வா பாப்பா, உட்காரு. உங்கப்பன் சுத்தியலும் ஆணியுமா நிக்கிறான், உன்னை எந்தச் சுவர்ல மாட்டுறதுன்னு தெரியாம. நம்ம ஆளுங்க வீட்டு ஹால்ல மூணு வகைக்குத்தான் இடம்: சாமி, செத்தவங்க, டிகிரி எடுத்தவங்க. சாமிக்கு மினுக்கு லைட்டு. செத்தவங்களுக்குப் பிளாஸ்டிக் மாலை. டிகிரிக்காரங்களுக்குக் கறுப்பு அங்கி, தட்டைத் தொப்பி, கையில சுருட்டின குழாய் ஒண்ணு. அந்தக் குழாய்க்குள்ள என்ன இருந்துச்சுன்னு கேட்டேன். "ஒண்ணுமில்ல தாத்தா, அங்கியத் திருப்பிக் கொடுத்தாத்தான் சர்ட்டிபிகேட்டு தருவாங்க"ன்ன. அப்பவே எனக்கு உன் படிப்பு மேல நம்பிக்கை வந்துருச்சு. வெறுங்குழாயைப் பிடிச்சுக்கிட்டு அவ்வளவு பெருமையாச் சிரிக்கணும்னா நாலு வருசப் பயிற்சி வேணும்லா.

உன் தொப்பிக் குஞ்சத்தை நேராத் தொங்க விடச் சொல்லி அந்தப் போட்டோக்காரன் பட்ட பாட்டைப் பாத்தேன். உங்க பாட்டி பக்கத்துல நிக்கிறா, கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சேலையோட. கையில ஒரு கரடி பொம்மை. அந்தக் கரடிக்கும் கறுப்பு அங்கி, தொப்பி. அது எந்த யுனிவர்சிட்டின்னு கேக்கணும்னு நினைச்சேன், மறந்துட்டேன்.

நீ ஏன் போனைக் கையில எடுக்குற? "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது"ன்னு கிழவன் இப்ப ஆரம்பிப்பான்னுதான? வை கீழே. அந்தப் பழமொழியைச் சொல்ற தகுதி எனக்கு இல்ல. எங்கிட்ட ஏடும் கிடையாது, சுரைக்காயும் கிடையாது. இந்தத் தாமான் வீட்டுக்குப் பின்னால முழுக்க சிமெண்டு.

எனக்கு உன் படிப்பு மேல ஒரே ஒரு வருத்தம்தான். பயோடெக்னாலஜின்ன. செடி கொடி சம்பந்தப்பட்ட படிப்புன்னு சந்தோசப்பட்டேன். முன்வாசல் ரோஜா வாடிப்போச்சு, என்னன்னு பாருன்னேன். "நாங்க செல் லெவல்ல படிக்கிறோம் தாத்தா"ன்ன. சரி, செல்லுக்குள்ள இருந்து நீ வெளிய வர்ற வரைக்கும் காத்திருக்கலாம்னு பாத்தேன். ரோஜா காத்திருக்கல.

ஆனா ஒண்ணு சொல்லணும். நான் பால்மரம் வெட்டினவன். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம். இப்ப அங்க போனா செம்பனைதான் நிக்குது, நம்ம லயம் இருந்த இடத்தை நானே தேடணும். விடியறதுக்கு முன்னால பெரட்டு. பேர் கூப்பிட்டு முடிஞ்சதும் நெத்தி விளக்கைக் கட்டிக்கிட்டு நிரைக்குள்ள நுழையணும். முந்தி வெட்டின கோட்டுல காஞ்சு கிடக்கிற ஒட்டுப்பாலை உரிச்சுக் கூடையில போடு, பால் விழுற மங்கைத் துடைச்சு வை, அப்புறம் கத்தியை எடு. பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குத்தான் சீவணும். ஆழம் பத்தலன்னா பால் வராது. கொஞ்சம் கூடிப்போச்சுன்னா உள்ள இருக்கிற இளந்தோல்ல காயம் பட்டு மரம் முண்டு முண்டா வீங்கிக்கும், திரும்ப அந்தப் பக்கம் கத்தி ஓடாது. ரெண்டுக்கும் நடுவுல நமக்கு விட்டிருக்கிற இடம் ஒரு மில்லிமீட்டர். அதையும் இருட்டுல, கொசுக்கடியோட, அடுத்தடுத்து நானூறு ஐந்நூறு மரத்துக்குச் செய்யணும்.

அந்தக் கோடு இடப்பக்கம் உயரமா இருந்து வலப்பக்கம் சாயணும். ஏன்னு எங்களை மேய்ச்ச மண்டோர்கிட்ட கேட்டேன். "துரை சொன்னாரு"ன்னான். துரைகிட்டப் போய்க் கேக்குற உயரத்துல நான் இல்ல. தோட்டம் மூடுற வரைக்கும் இடது மேல, வலது கீழன்னு வெட்டிக்கிட்டே இருந்தேன். போன மாசம் பேச்சுவாக்குல உங்கிட்ட சொன்னப்ப நீ எதையோ தேடிப் படிச்சுட்டு, காகிதத்துல படம் போட்டுக் காட்டின பாரு: "பால் ஓடுற குழாய்ங்க மரத்துக்குள்ள நேரா நிக்கல தாத்தா, மேல போகப் போக வலப்பக்கமாச் சாயுது. நீங்க இடது மேல இருந்து வலது கீழ வெட்டுனா நிறைய குழாய் அறுபடும், பால் கூட வரும்." எத்தன லட்சம் தடவை அந்தக் கோட்டைப் போட்டிருப்பேன்! அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. உன்மேல பெருமையா இருந்துச்சா, அந்த மண்டோர் மேல கோவமா இருந்துச்சான்னு சொல்லத் தெரியல. ரெண்டாவதுதான் ஜாஸ்தின்னு வை.

உங்க யுனிவர்சிட்டியில இப்படி "ஏன்"னு கேட்டா அடிக்க மாட்டாங்களாமே. அதுக்குக் கட்டின பீஸுன்னு நினைச்சுக்கோ. மிச்சமெல்லாம் சாப்பாட்டுச் செலவு. ஆனா ஒரு மரத்தை உங்கிட்ட கொடுத்து வெட்டுன்னா நீ அதைக் கொன்னுடுவ, அதையும் சொல்லி வைக்கிறேன்.

இப்ப சங்கதிக்கு வர்றேன். தோட்டத்துல யாருக்கும் சர்ட்டிபிகேட்டு வேண்டியிருக்கல. யார் வெட்டினா காயம் படும், யார் மழை வர்றதுக்குள்ள பாலைச் சேத்துடுவா, எவன் ஆத்துத் தண்ணியை வாளியில கலப்பான், எல்லாம் எல்லாருக்கும் தெரியும். தண்ணி கலந்தவனை ஸ்டோர்ல மெட்ரோலாக்கே காட்டிக் கொடுத்துடும். கண்ணாடிக் குச்சி மாதிரி ஒண்ணு, பாலுக்குள்ள விட்டா எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணின்னு மிதந்து சொல்லும். தோட்டத்தை வித்து எங்களை வெளிய அனுப்பினப்ப ஈப்போவுக்கு வந்து ஒரு பேக்டரியில வேலைக்கு மனு போட்டேன். பாரத்துல திறமைன்னு ஒரு கட்டம். உள்ள இருந்த கிராணி என் முகத்தைப் பாத்தான், பேனாவால ஒரு கோடு இழுத்தான், முடிஞ்சுது. ஒரு மில்லிமீட்டர் கணக்குல கத்தி ஓட்டினவன் திறமை அந்தக் கோட்டுக்குள்ள போயிடுச்சு. ஜாகா வேலை கொடுத்தாங்க. நின்னு பாத்துக்கிட்டு இருக்கிறதுக்குக் காகிதம் தேவையில்லையாம்.

பாத்துக்கோ, டிகிரின்னா அவ்வளவுதான். உன்னைத் தெரியாதவன் கையில கொடுக்கிற கடுதாசி. தெரிஞ்சவங்க மத்தியில அதுக்கு மதிப்பு கிடையாது. உங்க பாட்டிகிட்ட காட்டிப் பாரு, "மொதல்ல அந்தச் சட்டியைக் கழுவு"ன்னுவா. ஆனா இனிமே நீ தெரியாதவங்க மத்தியிலதான் பிழைக்கப் போற. லயம் இல்ல, பெரட்டுக்களம் இல்ல, உன் அப்பன் யாரு தாத்தன் யாருன்னு சொல்ல ஆள் இல்ல. கடுதாசி வேணும். அதை யாரும் குறைச்சுப் பேச விடாத. டிகிரி வீண், அது வெறும் பேப்பருன்னு மேடையில பேசுறவங்களைக் கவனிச்சுப் பாரு. எல்லாரும் டிகிரி வச்சிருக்கவங்க. "உங்க பிள்ளை எங்கங்க படிக்குது?"ன்னு கேளு, பேச்சு மாறும்.

நம்ம ஆளுங்களுக்கு இந்தக் கடுதாசி சுளுவா வரல. கோல கங்சார்ல 1877-ல நட்ட ஒன்பது ரப்பர் மரத்துல ஒண்ணு இன்னும் உசுரோட நிக்குது, வேலியும் போட்டு. மரத்துக்கு வயசுச் சான்று உண்டு. அதை வெட்டின பாட்டனுக்குப் பிறப்புச் சான்றே இல்ல. 1923-ல தொழிலாளர் சட்டம் போட்டாங்க, தோட்டத்துல பத்துப் பிள்ளைங்க இருந்தா துரை பள்ளிக்கூடம் வைக்கணும்னு. பிள்ளைங்க எண்ணிக்கை ஒன்பதோட நின்னா துரைக்குச் செலவு மிச்சம். அந்த ஒரு விசயத்துல நம்ம ஆளுங்க துரைக்கு ஒத்துழைக்கல. அப்படித்தான் ஒரு கொட்டகை வந்துச்சு, எழுதப் படிக்கத் தெரிஞ்ச கங்காணியோ யாரோ வாத்தியார். ஆறாவதோட சரி. ஏழாவது வகுப்பு பால்மரத்தடியில.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949-ல சிங்கப்பூர்ல ஆரம்பிச்சது, கோலாலம்பூருக்கு 1959-ல வந்துச்சு. அதுக்கு முன்னாலயே, 1956-ல, சிங்கப்பூர்லயே இந்திய இயல் துறை வந்தாச்சு, தமிழும் படிக்கலாம். அந்தச் சேதி எங்க தோட்டத்துக்கு வந்து சேர்றதுக்குள்ள நான் கத்தி பிடிச்சாச்சு. சுங்கை சிப்புட்ல பிறந்த துன் சம்பந்தன் அதுக்கெல்லாம் முன்னாடியே கப்பலேறி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல படிச்சவர். மந்திரியும் ஆனவர். தோட்டங்களைத் துண்டு போட்டு வித்துக்கிட்டிருந்த நேரம், 1960-ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சு, லயம் லயமா வந்து பத்துப் பத்து வெள்ளியாக் கேட்டார். பத்து வெள்ளின்னா அப்ப விளையாட்டு இல்ல பாப்பா. ஆனாலும் கொடுத்தாங்க. பட்டதாரி ஒருத்தர் நம்ம வாசல்ல வந்து நின்னு கணக்கு சொல்லி விளங்க வச்சா, நம்ம ஆளுங்க மடியை அவுப்பாங்க.

இன்னொரு பட்டதாரி கதை சொல்றேன். எங்க தோட்டத்து ஆபீஸ் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். எங்ககிட்ட நேராப் பேச மாட்டார், காத்துகிட்ட பேசுவார், நாங்க கேட்டுக்கணும். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல தொடங்கினப்ப முதன்முதலா பி.ஏ. தேறினது எங்க ஊர் சி. வை. தாமோதரம்பிள்ளைன்னு மாசத்துக்கு ஒருக்கா காத்துக்குச் சொல்லுவார். அவர் சொன்னது மெய்தான்னு பின்னால தெரிஞ்சுது. ஆனா அந்தத் தாமோதரம்பிள்ளை டிகிரியை வச்சு என்ன செஞ்சார்னு கிராணி சொல்லல. உத்தியோகமும் பாத்தார், மிச்ச நேரமெல்லாம் கறையான் தின்ன ஏட்டுச்சுவடியைத் தேடி அலைஞ்சு தொல்காப்பிய உரை, கலித்தொகைன்னு அச்சுப் போட்டார். கலித்தொகை 1887-ல வந்துச்சு. யோசிச்சுப் பாரு, தமிழன் வாங்குன முதல் பி.ஏ.வே டிகிரி இல்லாதவன் எழுதி வச்சதைக் காப்பாத்தத்தான் ஓடியிருக்கு. இதையும் கிராணி சேத்துச் சொல்லியிருந்தா எங்களுக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். அதனாலதான் சொல்லாம விட்டாரோ என்னவோ.

இன்னிக்கு நம்ம பேராக்குலயே எங்க தடுக்கி விழுந்தாலும் காலேஜு. தஞ்சோங் மாலிம்ல 1922-ல ஆசிரியர் கல்லூரியாத் தொடங்கினது இப்ப உப்சி. ஈப்போவுல உங்கு ஒமார் பாலிடெக்னிக், 1969-லயே வந்தது. கம்பார்ல உத்தார், ஸ்ரீ இஸ்கண்டார்ல பெட்ரோனாஸ் யுனிவர்சிட்டி. இந்தக் கடைசி ரெண்டும் ஈயம் தோண்டி எடுத்த நிலத்துல எழும்பினது. சுரங்கக்காரன் ஈயத்தை எடுத்துட்டுப் போனப்புறம் மிஞ்சின குளத்தோரம் உக்காந்து பிள்ளைங்க செல்பி எடுக்குது. வரட்டும், நல்லதுதான். ஆனா நல்ல மார்க்கு எடுத்தும் இடம் கிடைக்காத நம்ம பிள்ளை ஒண்ணு, முடிவு வந்த மறுவாரம் பத்திரிகையில அழுத முகத்தோட நிக்கும், வருசா வருசம். எஸ்.பி.எம்.ல பத்து ஏ எடுத்தா எந்த இனமா இருந்தாலும் மெட்ரிகுலேஷன்ல இடம் உண்டுன்னு 2024-ல பிரதமர் அறிவிச்சார். ஒன்பது ஏ எடுத்த பிள்ளையோட போட்டோவை இப்பவே எடுத்து வச்சுக்கலாம்.

சரி, உன் கடனுக்கு வருவோம். என் தாத்தா கங்காணிகிட்ட முன்பணம் வாங்கிக்கிட்டுக் கப்பலேறினவர். இங்க வந்து மரத்தைப் பாக்குறதுக்கு முன்னாலயே கடன்காரர். நீ பி.டி.பி.டி.என். படிப்புக் கடனோட மேடையேறி இறங்குற. பரம்பரையை விடல நாம. நம்ம கங்காணியவிட இவங்க நல்லவங்கதான், ஒரு சதவீதம்தான் கட்டணம், சவுக்கும் கிடையாது. முதல் வகுப்புல தேறினா, சில நிபந்தனையோட, கடன் முழுக்கத் தள்ளுபடின்னும் வச்சிருக்காங்க. நீ ரெண்டாம் வகுப்பு, மேல்நிலை. அந்தக் கடைசி செமஸ்டர்ல கொரியாக்கார நாடகத்தை ராத்திரி முழுக்கப் பாத்தியே, ஞாபகம் இருக்கா? ஒரு எபிசோடுக்கு எத்தன வெள்ளி விழுந்துச்சுன்னு நானும் உங்கப்பனும் உக்காந்து கணக்குப் போட்டோம். ஹீரோவே நேர்ல வந்து பாத்திரம் தேய்ச்சாலும் கட்டுப்படி ஆகாது.

வேலைன்னு போனா என்ன நடக்கும்னும் தெரிஞ்சுக்கோ. குறைஞ்ச சம்பளம் 1,700 வெள்ளின்னு 2025-ல ஆக்கியிருக்காங்க. அதுக்கு மேல ஒரு ஐந்நூறோ என்னவோ போட்டுட்டு, டிகிரி வேணும், ரெண்டு வருச அனுபவம் வேணும், மாண்டரின் தெரியணும், சொந்தக் காடி வேணும்னு விளம்பரம் கொடுப்பான். படிச்ச படிப்புக்குக் கீழான வேலையில இருக்கிற பட்டதாரிங்க மூணுல ஒரு பங்குக்கும் மேலன்னு அரசாங்கப் புள்ளிவிவரத் துறையே சொல்லுது. அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக கிராப் கூப்பிட்டோமே, அந்தத் தம்பி எஞ்சினியரிங் படிச்சவன்னு பேச்சுக் கொடுத்ததும் தெரிஞ்சுது. ரொம்ப ஒழுங்கா ஓட்டினான், ஒவ்வொரு திருப்பத்துலயும் வேகத்தைக் கணக்குப் போட்டு. இறங்கும்போது உங்க பாட்டி அவன்கிட்ட "கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?"ன்னா. நான் காதுல விழாத மாதிரி நடந்துட்டேன்.

அங்கதான் இருக்கு நம்ம ஆளுங்க மனசுல டிகிரியோட முழு அர்த்தமும். பேக்டரிக்காரன் கேக்குறதுக்கு முன்னால சம்பந்தி கேப்பான். கல்யாணப் பத்திரிகையைப் பாரு, பேருக்குப் பின்னால பாதி வரி பட்டம், அடைப்புக்குறிக்குள்ள மலேசியா, யு.கே.ன்னு நாடு வேற. மாப்பிள்ளை மூக்கு எப்படி இருக்கும்னு தெரியாது, யுனிவர்சிட்டி மட்டும் தெரிஞ்சுடும். கோடி வீட்டுப் பையன் ஏர்கோன் ரிப்பேர் பண்றான், ஆபீஸ் மேனேஜர் வாங்குறதவிட மாசம் கூடவே பாக்குறான். அவன் பத்திரிகையில என்ன போடுறதுன்னு அவங்கம்மா எங்கிட்ட வந்து கண்ணைக் கசக்குறா. "ஒரு குதிரைச்சக்தின்னு போடு"ன்னேன். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. ஆனா அவ வீட்டு ஏர்கோன் ஜில்லுன்னு இருக்கு, நம்ம வீட்டுது சொட்டுது, பட்டதாரி இருக்கிற வீடு.

நாளைக்கழிச்சு இன்டர்வியூன்ன. உக்காந்ததும் "நான் இன்ன யுனிவர்சிட்டி, இன்ன கோர்ஸ்"னு ஆரம்பிக்காத. அந்தக் காகிதம் அவன் மேசையிலயே கிடக்கும், அவனுக்கும் படிக்கத் தெரியும். அவன் கையில மெட்ரோலாக் இருக்கும், உள்ள விட்டுப் பாப்பான். நாலு வருசத்துல நீயா ஒண்ணைப் பிடிச்சு, ஏன்னு கேட்டு, தோத்து, திரும்பச் செஞ்சு முடிச்சது எது? அதைச் சொல்லு. கிளந்தான்கார மலாய்ப் பொண்ணும், தைப்பிங் சீனப் பொண்ணும், நீயும் ஒரே ரூம்ல ஒரே ரைஸ் குக்கரை வச்சு வருசக்கணக்கா சண்டையில்லாம ஓட்டினீங்களே, அதையும் சொல்லு. எங்க காலத்துத் தோட்டத்துல அந்த வித்தையைக் கத்துக் கொடுக்க ஆளே இல்ல. கம்போங்காரன் கம்போங்ல, சீனன் கடையில, நாம லயத்துல. எவ்வளவு சம்பளம் எதிர்பாக்குறன்னு கேட்டா வெக்கப்பட்டுக்கிட்டுத் தரையைப் பாக்காத. அது நம்ம குடும்ப வியாதி. என் அப்பா துரை முன்னால பாத்த தரை, நான் மண்டோர் முன்னால பாத்த தரை, போதும். தொகையைச் சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டு அவன் முகத்தைப் பாரு. முதல்ல பேசுறவன்தான் இறங்குவான்.

வேலை கிடைக்கலன்னா? ஒண்ணும் குடி முழுகாது. உங்கம்மா ரெண்டு நாள் அழுவா, சித்தி கிள்ளான்ல இருந்து போன் பண்ணி ஆறுதல் சொல்ற சாக்குல தன் மகன் சம்பளத்தைச் சொல்லுவா. கேட்டுக்கிட்டு உம் கொட்டு. அந்தப் பாலிடெக்னிக் குறுகிய காலப் படிப்பு எதையாவது பாரு, இல்ல கோடி வீட்டுப் பையன்கிட்ட போய் ஏர்கோனுக்குள்ள என்ன ஓடுதுன்னு கேளு. டிகிரி எடுத்தவ ஸ்பேனர் பிடிச்சா டிகிரி உதிர்ந்து விழுந்துடாது. அது சுவர்ல பத்திரமா இருக்கும்.

இப்ப எழுந்து போய் ஒரு நல்ல பேனாவா எடுத்து வை. ஞாயித்துக்கிழமை புந்தோங்ல இருந்து ஒரு அம்மா வருது, எங்க தோட்டத்துப் பழைய ஆளு, என் பக்கத்து நிரை. இந்த மண்ணுல பிறந்து இந்த வயசு வரைக்கும் சிவப்பு ஐ.சி.தான், குடியுரிமை இல்ல. அவங்கப்பன் பிறப்பைப் பதிய மறந்துட்டான், இல்ல, பதிஞ்ச காகிதத்தைக் கறையான் தின்னுடுச்சு, ரெண்டுல ஒண்ணு. குடியுரிமைக்குப் பாரம் எழுதணும், கூட ஒரு கடுதாசி, நல்ல மலாய்ல, அதிகாரி பாதியில தூக்கிப் போடாத மாதிரி. எத்தனையோ ஆபீஸ் படியேறி இறங்கியாச்சு அது. யாரோ ஒரு ஏஜண்டு காசு வேற வாங்கிக்கிட்டுப் போயிட்டான். "என் பேத்தி டிகிரி"ன்னு நான் வாய விட்டுட்டேன், இனிமே உன் பாடு. மகனையும் கூட்டிட்டு வருமாம், அவனுக்கு சொக்சோ காப்புறுதிப் பாரம். பின்னாலயே இன்னும் ரெண்டு மூணு பேர் வருவாங்க, நான் சொல்லல, அவங்களாக் கேள்விப்பட்டு வருவாங்க.

சம்பளம் கேக்காத. புந்தோங் முறுக்கு ஒரு பொட்டலம் வரும், சூடா. அதுல இ.பி.எஃப். பிடிக்க மாட்டாங்க, பி.டி.பி.டி.என்.காரனுக்கும் தெரியாது.